சூதாட்டம்: கையைப் பிடித்து நிறுத்துவதே உதவி

 



சூதாட்டம் ஹராம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளைக்கும் தெரியும். அதை நிரூபிப்பதற்காக இன்றைய ஜும்ஆ உரை அல்ல. ஹராம் என்று தெரிந்தும் விட முடியாமல் ஒருவர் தவிக்கிறார். தொழுகிறார், அழுகிறார், தௌபா செய்கிறார். இரவு 12 மணிக்கு மீண்டும் செல்போனைத் திறக்கிறார். அவர் என்ன செய்ய வேண்டும்? அவருடைய மனைவி, அத்தா, அம்மா என்ன செய்ய வேண்டும்? மஹல்லாவில் இருக்கும் நாம் என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்று கேள்விகளுக்குத்தான் இன்று பதில் தேடப் போகிறோம்.

சட்டைப் பைக்குள் வந்த சூது

முன்பெல்லாம் சூதாட வேண்டும் என்றால் ஓரிடத்துக்குப் போக வேண்டும். சீட்டாடும் கிளப்புக்குப் போக வேண்டும், லாட்டரிக் கடைக்குப் போக வேண்டும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற வெட்கமே பலரைத் தடுத்தது. இன்று அந்த வெட்கத்துக்கு வேலை இல்லை. போர்வைக்குள் படுத்துக்கொண்டே ரம்மி ஆடலாம். ஐபிஎல் மேட்ச் நடக்கும்போது பந்துக்குப் பந்து பணம் கட்டலாம். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குக்கூடத் தெரியாது.

அரசாங்கம் கதவை அடைக்கப் பார்க்காமல் இல்லை. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு லாட்டரி தடை செய்யப்பட்டது. அதன் பிறகும் மூணு நம்பர் லாட்டரி துண்டுச் சீட்டில் திருட்டுத்தனமாக நடந்தது. கூலி வேலை செய்தவர்களின் அன்றாடச் சம்பளத்தை அது விழுங்கியது. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றை முழுமையாகத் தடை செய்ய முடியாது என்று தீர்ப்பளித்தது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் திறமை சார்ந்தவையானாலும் அதிர்ஷ்டம் சார்ந்தவையானாலும் நடத்தக் கூடாது என்று சட்டம் இயற்றியது. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளையாடி ஏமாந்தவரை அந்தச் சட்டம் குற்றவாளியாக்கவில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வெளிநாட்டுத் தளங்கள் வேறு வேறு பெயரில், வேறு வேறு லிங்க்கில் வந்துகொண்டே இருக்கின்றன. சட்டம் தெருவில் இருக்கும் கதவை அடைக்கும். நம் சட்டைப் பைக்குள் இருக்கும் கதவை நாம்தான் அடைக்க வேண்டும்.

ஒரு சந்தேகத்தை இங்கே தீர்த்துவிடுவோம். "ரம்மி திறமை விளையாட்டு என்று கோர்ட்டே சொல்லிவிட்டதே ஹஜ்ரத்!" என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். கோர்ட் பார்ப்பது நாட்டின் சட்டத்தை. மார்க்கம் பார்ப்பது வேறொன்றை. ஆடுகிற இருவரும் பணம் வைத்து, ஒருவர் தோற்றால்தான் மற்றவர் ஜெயிக்க முடியும் என்றால், ஜெயித்தவர் கையில் இருப்பது தோற்றவர் வீட்டு அரிசி. திறமையோடு ஆடினாலும் அது இன்னொருவர் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ்தான்.

விலகி நில்லுங்கள் என்றான் இறைவன்

அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அங்கே அல்லாஹ் மதுவையும் சூதாட்டத்தையும் சேர்த்தே சொல்லி, இரண்டும் ஷைத்தானின் அருவருப்பான செயல்கள் என்கிறான். இவற்றின் மூலம் உங்களுக்கிடையே பகையையும் வெறுப்பையும் மூட்டவும், இறை நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் உங்களைத் தடுக்கவுமே ஷைத்தான் விரும்புகிறான் என்று எச்சரிக்கிறான்.

அங்கே அல்லாஹ் பயன்படுத்தும் சொல்லைக் கவனியுங்கள். 'இஜ்தினாப்' என்ற மூலத்திலிருந்து வரும் சொல் அது. செய்யாதீர்கள் என்பதோடு அதன் பொருள் முடிந்துவிடாது. அதற்கும் உங்களுக்கும் நடுவே ஓர் இடைவெளி வையுங்கள், ஒதுங்கி நில்லுங்கள் என்பது அதன் பொருள்.

செல்போனில் அந்த ஆப்பை வைத்துக்கொண்டு, வாலட்டில் 500 ரூபாயை விட்டு வைத்துக்கொண்டு, டிப்ஸ் தரும் குரூப்பில் இருந்துகொண்டு, "யா அல்லாஹ், இனி ஆட மாட்டேன்" என்று சொல்வது தௌபாவின் பாதி. அதையும் இதையும் பிரிக்கும் இடைவெளியை உண்டாக்குவது மீதிப் பாதி.

99 பேரைக் கொன்ற மனிதரின் வரலாறு புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. தனக்கு மன்னிப்பு உண்டா என்று அவர் தேடி அலைந்தார். இல்லை என்று சொன்னவரையும் கொன்று 100ஐ நிறைவு செய்தார். கடைசியாக ஓர் அறிஞர், தௌபாவின் வாசலை யாரும் அடைக்க முடியாது என்று நம்பிக்கை கொடுத்தார். முஸ்லிம் அறிவிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த அறிஞர் அவரைச் சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டாம் என்றார், அது கெட்ட ஊர் என்றார். நல்லடியார்கள் வாழும் இன்னோர் ஊரைக் காட்டி அங்கே போகச் சொன்னார். மன்னிப்பு உண்டு என்ற நற்செய்தியையும் இடத்தை மாற்று என்ற கட்டளையையும் சேர்த்தே கொடுத்தார் அந்த அறிஞர். இன்றைய சூதாடியின் கெட்ட ஊர் எது? அவருடைய செல்போன்தான்.

பாவம்தான், நோயும்தான்

சிலர் இதை வெறும் பாவம் என்று மட்டும் பார்க்கிறார்கள். "ஈமான் இல்லாததால்தான் ஆடுகிறான்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். வேறு சிலர் இதை வெறும் நோய் என்று சொல்லி, எந்தப் பொறுப்பும் இல்லை என்று தப்பிக்கப் பார்க்கிறார்கள். இரண்டும் தவறு. ஆடத் தொடங்கியது அவர் செய்த பாவம். ஆடி ஆடி விட முடியாமல் போனது அவரைப் பிடித்த நோய். பாவத்துக்குத் தௌபா வேண்டும், நோய்க்கு மருத்துவம் வேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013இல் வெளியிட்ட தன் வழிகாட்டியில், சூதாட்டப் பழக்கத்தை மது, போதைப் பழக்கங்கள் உள்ள அதே பிரிவுக்குக் கொண்டுவந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலிலும் இது இடம்பெற்றிருக்கிறது. மதுவையும் சூதையும் நம் குர்ஆன் 1400 ஆண்டுகளுக்கு முன்பே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசியிருக்கிறது.

மருத்துவர்கள் 9 அடையாளங்களைப் பார்க்கிறார்கள். உங்களையோ, உங்கள் வீட்டில் ஒருவரையோ நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

1. முன்பு 100 ரூபாயில் இருந்த விறுவிறுப்பு இப்போது 1000 வைத்தால்தான் வருகிறது.
2. நிறுத்த முயன்றால் எரிச்சலும் படபடப்பும் வருகின்றன.
3. பலமுறை விட முயன்றும் முடியவில்லை.
4. வேலையிலும் தொழுகையிலும் அதே நினைப்பு.
5. மனக்கஷ்டம் வந்தால் அதை மறக்க விளையாட்டைத் தேடுகிறார்.
6. விட்ட பணத்தைப் பிடிப்பதற்காக மறுநாளே திரும்பி ஆடுகிறார்.
7. எவ்வளவு ஆடினார் என்று பொய் சொல்கிறார்.
8. அதனால் உறவோ, வேலையோ, படிப்போ பாழாகும் நிலை வந்துவிட்டது.
9. பண நெருக்கடியிலிருந்து மீள மற்றவர்களிடம் கை நீட்டுகிறார்.

ஒரே ஆண்டுக்குள் இவற்றில் 4 அல்லது அதற்கு மேல் இருந்தால், மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இவற்றில் மிகவும் கொடியது ஆறாவது. "விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திவிடுவேன்" என்பதுதான் ஷைத்தான் காதில் ஓதும் மந்திரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 ரூபாய் தோற்றவர் அதைப் பிடிக்க 2000 வைக்கிறார். அதுவும் போனால் 4000. இப்படியே இரட்டிப்பாக்கிக்கொண்டு போனால், பத்தாவது ஆட்டத்தில் அவர் வைக்க வேண்டியது 5,12,000 ரூபாய். அதுவும் தோற்றால் மொத்த இழப்பு 10,23,000 ரூபாய். தொடங்கியதோ வெறும் 1000 ரூபாயில்! சகோதரரே, விட்டது விட்டதுதான். அதை விட்டுவிட மனதைத் தயார் செய்வதே குணமாவதன் முதல் படி.

வாய் திறந்து சொல்லுங்கள்

"பாவத்தை வெளியே சொல்லக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்களே, நான் எப்படிச் சொல்வது?" என்று சிலர் ஒளித்து வைக்கிறார்கள். நபியவர்கள் கண்டித்தது, அல்லாஹ் மறைத்து வைத்த பாவத்தைத் தானாகவே ஊரில் பரப்பித் திரிபவரை. உதவி கேட்பதற்காக ஒருவரிடம் சொல்வது வேறு. காயத்தை மருத்துவரிடம் காட்டாமல் மறைத்தால் அது புரையோடிவிடும்.

அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் சம்பவம் புகாரியில் இருக்கிறது. ரமலான் நோன்பை முறித்துவிட்ட ஒருவர், தான் அழிந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு நபியவர்களிடம் ஓடி வந்தார். நபியவர்கள் அவரைத் திட்டவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார்கள். ஓர் அடிமையை விடுதலை செய்ய முடியுமா? முடியாது. தொடர்ந்து 2 மாதம் நோன்பு வைக்க முடியுமா? முடியாது. 60 ஏழைகளுக்கு உணவளிக்க முடியுமா? அதுவும் முடியாது. நபியவர்கள் அவரை உட்கார வைத்தார்கள். ஒரு கூடைப் பேரீச்சம்பழம் வந்தது. இதைத் தர்மம் செய்யுங்கள் என்று அவர் கையிலேயே கொடுத்தார்கள். எங்களை விட ஏழைக் குடும்பம் இந்த ஊரில் இல்லை என்றார் அவர். நபியவர்கள் சிரித்துவிட்டு, உங்கள் குடும்பத்துக்கே கொடுங்கள் என்று அனுப்பி வைத்தார்கள்.

அந்த மனிதர் அழிந்துவிட்டேன் என்று வந்தார், வீட்டுக்கு உணவோடு திரும்பினார். ஏன்? வாய் திறந்து சொன்னதால். நீங்களும் ஒருவரிடம் சொல்லுங்கள். மனைவியிடமோ, அத்தாவிடமோ, நம்பிக்கையான மச்சானிடமோ, உங்கள் பள்ளிவாசல் இமாமிடமோ சொல்லுங்கள். முழுத் தொகையையும் சொல்லுங்கள். 5 லட்சம் கடனை 2 லட்சம் என்று சொன்னால், மீதி 3 லட்சத்தை அடைக்க மறுபடியும் ஆடப் போவீர்கள்.

குடும்பத்தார் செய்யும் உதவி எது?

அநியாயம் செய்பவனாக இருந்தாலும், அநியாயம் செய்யப்பட்டவனாக இருந்தாலும் உன் சகோதரனுக்கு உதவு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது தோழர்கள் வியந்தார்கள். அநியாயம் செய்பவனுக்கு எப்படி உதவுவது? அவனுடைய கையைப் பிடித்துத் தடுப்பதுதான் உதவி என்று நபியவர்கள் விளக்கினார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் உள்ளது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மகன் அழுகிறான். அம்மா வளையலைக் கழற்றிக் கொடுக்கிறார். அடகுக் கடையில் வாங்கிய பணம் மகன் கைக்கு வருகிறது. கடனில் பாதியை அடைக்கிறான், மீதியை "ஒரே ஒரு தடவை" என்று வைக்கிறான். மூன்றாவது மாதம் மீண்டும் அதே அழுகை. இந்த முறை மாமனார் கொடுக்கிறார். பாசத்தில்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் கடனுக்குப் போகவில்லை, நோய்க்குத் தீனியாகப் போகிறது.

அந்நிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனம் நமக்கு வழிகாட்டுகிறது. செல்வத்தை அல்லாஹ் நம் வாழ்வு நிமிர்ந்து நிற்பதற்கான ஆதாரமாக ஆக்கியிருக்கிறான். அதை நிர்வகிக்கத் தெரியாதவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள் என்கிறான். அதே வசனத்தில் மேலும் மூன்று கட்டளைகள் உள்ளன. அவர்களுக்கு உணவளியுங்கள், உடை கொடுங்கள், அழகான முறையில் பேசுங்கள்.

பணத்தைப் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் சோற்றையும் அன்பையும் நிறுத்தக் கூடாது. "சூதாடிப் பயலே" என்று பிள்ளைகள் முன்னால் ஏசுவது அந்த வசனத்துக்கு எதிரானது. அன்பு இருக்கிறது என்று பர்ஸைத் திறந்து கொடுப்பதும் அந்த வசனத்துக்கு எதிரானதே.

பணத்தை வீணடிப்பவரின் சொத்து நிர்வாகத்தை நிறுத்தி வைப்பதை ஃபிக்ஹ் நூல்கள் 'ஹஜ்ர்' என்கின்றன. இமாம் ஷாஃபியீ (ரஹ்) உள்ளிட்ட பெரும்பாலான அறிஞர்கள், வயது வந்தவராக இருந்தாலும் இதைச் செய்யலாம் என்கிறார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ, புத்தி தெளிவான வயது வந்த ஒருவர் மீது இதைத் திணிப்பது அவருடைய மனித மரியாதையைப் பாதிக்கும் என்று தயங்கினார்கள். இந்த இரண்டு கருத்துகளிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. வரம்பு வேண்டும். ஆனால் அது அவர் சம்மதத்தோடு, அவர் மானம் கெடாமல் வர வேண்டும். "என் கையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று அவரே கேட்பதுதான் மிகச் சிறந்தது.

வீட்டில் போட வேண்டிய வரம்புகள்

அழைத்து உட்கார வையுங்கள். தொழுதுவிட்டு, கோபம் அடங்கிய நேரத்தில் பேசுங்கள். ஒரு நோட்டை எடுங்கள்.

ஒன்று: எல்லாக் கடனையும் எழுதுங்கள். லோன் ஆப், நகைக்கடன், வட்டிக் கடன், நண்பர்களிடம் வாங்கியது எல்லாம் அந்த நோட்டில் வரட்டும். முதலில் யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று அவரும் குடும்பமும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

இரண்டு: கடனை அடைக்க உதவுவதாக இருந்தால் பணம் அவர் கைக்குப் போக வேண்டாம். கடன் கொடுத்தவரிடம் நேராகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

மூன்று: சம்பளம் வந்ததும் வீட்டுச் செலவுக்கான பணம் மனைவி அல்லது அம்மாவின் கணக்குக்குப் போகட்டும். பஸ்ஸுக்கும் டீக்கும் தேவையானது மட்டும் அன்றாடம் அவர் கையில் இருக்கட்டும். வளைகுடாவில் தனியாக ரூமில் இருக்கும் சகோதரர்களே, சம்பளம் வந்த அன்றே ஊருக்கு அனுப்பிவிடுங்கள். இரவு வரை வைத்திருக்க வேண்டாம்.

நான்கு: ஏடிஎம் கார்டில் ஆன்லைன் பரிவர்த்தனையை நிறுத்தி வைக்கவும், தொகைக்கு வரம்பு வைக்கவும் வங்கிகள் வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020இல் உத்தரவிட்டது. அதைப் பயன்படுத்துங்கள். யுபிஐ வரம்பைக் குறையுங்கள். கிரெடிட் கார்டு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஐந்து: ஆப்புகளை நீக்குங்கள். டிப்ஸ் தரும் வாட்ஸ்அப், டெலிகிராம் குரூப்புகளை விட்டு வெளியேறுங்கள். இஷாவுக்குப் பிறகு செல்போன் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும், படுக்கைக்கு வர வேண்டாம். முடிந்தால் சில மாதங்களுக்கு இன்டர்நெட் இல்லாத பட்டன் போன் போதும்.

ஆறு: வாரம் ஒரு நாள், ஜும்ஆவுக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள், பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஒருவரிடம் காட்டட்டும். போலீஸ் விசாரணை போல இல்லாமல், சுகர் டெஸ்ட் பார்ப்பது போல அமைதியாகப் பாருங்கள்.

ஏழு: "உங்கள் பேங்க் கணக்கைக் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்" என்று சூதாட்டக் கும்பல்கள் கேட்கும். கொடுக்காதீர்கள். அந்தக் கணக்கில் ஊரார் பணம் ஓடும், வழக்கு உங்கள் பெயரில் வரும். ஆன்லைனில் பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு உடனே புகார் செய்யுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "இந்த லிங்க்கில் சேர்ந்தால் உனக்கும் போனஸ், எனக்கும் போனஸ்" என்று நண்பனுக்கு அனுப்புகிறோமே, அது சாதாரண விஷயம் அல்ல. வா, சூதாடலாம் என்று தோழனை வாயால் அழைத்தவர்கூட அதற்குப் பரிகாரமாக ஸதகா கொடுக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள். அழைத்ததற்கே பரிகாரம்! நம் அழைப்பை ஏற்று ஆடி ஒரு குடும்பம் அழிந்தால் நாம் என்ன பதில் சொல்வோம்?

மருத்துவத்தை நாடுவது சுன்னத்

எந்த நோயையும் அதற்குரிய நிவாரணத்தோடுதான் அல்லாஹ் இறக்கியிருக்கிறான் என்றும், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்றும் நபியவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். காய்ச்சலுக்கு மருத்துவமனைக்குப் போகிறோம். மனதுக்குப் போவதில் என்ன வெட்கம்?

14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 24 மணி நேரமும் இலவசம். தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது.

அங்கே போனால் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் பேச்சுதான் மருந்து. எந்த நேரத்தில், எந்த நினைப்பில் கை செல்போனைத் தேடுகிறது என்று கண்டுபிடிக்க உதவுவார்கள். அந்த நேரத்தைக் கடக்கப் பயிற்சி கொடுப்பார்கள். கூடவே மனச்சோர்வோ தூக்கமின்மையோ இருந்தால் மாத்திரை தருவார்கள். துஆவும் செய்யுங்கள், மருத்துவரையும் பாருங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும் சமுதாயம் நாம்.

மீண்டும் விழுந்தால்?

சில வாரங்கள் நன்றாக இருப்பார், ஒரு நாள் வழுக்கிவிடுவார். "பார்த்தீர்களா, இவன் திருந்த மாட்டான்" என்று கைவிட்டுவிடுகிறோம். நபியவர்கள் காலத்தில் மது அருந்தியதற்காக மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்ட ஒரு தோழர் இருந்தார். ஒருவர் அவரைச் சபித்தபோது நபியவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். தண்டனையும் நிற்கவில்லை, நேசமும் நிற்கவில்லை என்பதைப் பாருங்கள். நாமும் வரம்பைத் தளர்த்த வேண்டாம், அவரை வெறுக்கவும் வேண்டாம்.

ஜமாஅத்தின் கடமை

முத்தவல்லிகளே, நிர்வாகிகளே! ஒருவர் இந்தத் தொல்லையோடு பள்ளிவாசல் படியேறி வந்தால், அந்தச் செய்தி டீக்கடைக்குப் போகக் கூடாது. அது அமானிதம். மஹல்லாவில் இரண்டு மூன்று பொறுப்பானவர்கள், ஒரு மருத்துவரையும் வங்கிப் பணியில் அனுபவம் உள்ள ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, ரகசியமாக உதவலாம்.

அத்தௌபா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளிகளையும் சேர்த்திருக்கிறது. பாவமான காரியத்தால் கடன்பட்டவர், தௌபா செய்து திருந்திய பிறகு அவருக்குக் கொடுக்கலாம் என்று பல அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய அனுமதியோடு கடன் கொடுத்தவரிடமே செலுத்தலாம். பைத்துல்மால் இருக்கும் ஊர்களில் வட்டியில்லாக் கடனாகவும் உதவலாம். அவருடைய மனைவி மக்கள் பசியோடு இருந்தால் அதற்காக அவர் திருந்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகள் எந்தப் பாவமும் செய்யவில்லை.

நம்பிக்கை இழந்தவருக்கு ஒரு சொல்

இறுதியாக, யாருக்கும் தெரியாமல் கடன் நோட்டீஸ்களை மறைத்து வைத்துக்கொண்டு, இனி வாழ்வதில் பொருளில்லை என்று நினைக்கும் சகோதரரே! இந்தச் சொல் உங்களுக்குத்தான்.

அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். ஒருவர் பொருளை ஒருவர் தவறான வழியில் உண்ணாதீர்கள் என்று தொடங்கும் அதே வசனத்தில், உங்களை நீங்களே மாய்த்துக்கொள்ளாதீர்கள் என்று அல்லாஹ் சொல்கிறான். உங்கள் மீது அவன் மிகுந்த இரக்கம் கொண்டவன் என்று முடிக்கிறான். பண விவகாரமும் உயிரும் ஒரே வசனத்தில்! பணத்தை இழந்த மனிதன் எங்கே போய் நிற்பான் என்று அவனைப் படைத்தவனுக்குத் தெரியும். அதனால்தான் அங்கேயே தன் இரக்கத்தை நினைவூட்டுகிறான்.

கடன் எவ்வளவு பெரிதானாலும் அதைத் தவணை போடலாம். உங்கள் பிள்ளைக்கு அத்தாவைத் தவணையில் வாங்கிக் கொடுக்க முடியாது. இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியவில்லை என்றால், தொழுகை முடிந்ததும் உங்கள் இமாமிடம் வந்து ஸலாம் சொல்லி, "கொஞ்சம் பேச வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் 14416க்கு அழையுங்கள். நள்ளிரவானாலும் அழையுங்கள்.

வீட்டில் அப்படி ஒருவர் இருப்பதாகச் சந்தேகப்படும் உறவினர்களே, அவரைத் தனியாக விடாதீர்கள். கணக்குக் கேட்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்று இரவு பக்கத்தில் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து சாப்பிடுங்கள்.

யா அல்லாஹ்! ஹராமான சம்பாத்தியத்திலிருந்து எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் காப்பாற்றுவாயாக. குறைவாக இருந்தாலும் ஹலாலில் பரக்கத் செய்வாயாக. இந்தப் பழக்கத்தில் சிக்கித் தவிப்பவர்களுக்கு, வாய் திறந்து உதவி கேட்கும் துணிவைத் தருவாயாக. அவர்களின் கையைப் பிடிக்கும் பொறுமையை எங்களுக்குத் தருவாயாக. கடன்பட்டவர்களின் கடனை நீக்குவாயாக. உடைந்த குடும்பங்களை ஒன்று சேர்ப்பாயாக. உன் அருளில் யாரும் நம்பிக்கை இழக்காமல் பாதுகாப்பாயாக.

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.